இரண்டு அடி பின்னால்

களியக்காவிளைச் செக்போஸ்டுக்கு இந்தப் பக்கம்
எட்டுக்குப் பத்தில் கடை.
லாரி நின்று, உறுமி, சீட்டு வாங்கிப் போகும்வரை
எந்தக் கேசட்டையும் போட்டுக் காட்ட முடியாது.
போன பிறகும் ஒரு சத்தம் மிச்சமிருக்கும்.
வாங்கியவர்கள் அதைத்தான் திருப்பிக் கொண்டுவருவார்கள்.
‘என்ன ஓய், பாட்டு முழுக்க மீன் பொரியுது.’

டெக்கில் ஒரு பொத்தான்.
டால்பி.
அமுக்கினால் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கியதுபோல்
அடங்கும்.
ஆள் தலையாட்டிவிட்டுப் போவார்.

நான் சொல்வதில்லை,
அந்தப் பொத்தானுக்கு இரைச்சல் எது என்று தெரியாதென்று.
மெலிசாக, உச்சத்தில், எது கேட்டாலும் அதற்குச் சந்தேகம்.
ஜால்ராவின் வால்,
வயலின் வில் திரும்பும் இடம்,
சரணத்துக்கு முன் இழுத்த மூச்சு,
எல்லாவற்றுக்கும் ஒரே கம்பளி.
திருவனந்தபுரத்தில் ஒழுங்காகப் பதிந்ததுதான்.
மார்த்தாண்டத்தில் ஒரு மாடியறையில்
எட்டு மடங்கு வேகத்தில் நகலாகி வரும்போது
பூட்டு ஒன்று, சாவி வேறொன்று.

கனகபாய் வந்தது சாறல் அடித்த ஒரு செவ்வாய்.
கையில் பன்னிரண்டு ரூபாய் நகல்,
பி பக்கம், இரண்டாவது கீர்த்தனை.
‘இதுல எனக்க சத்தம் கேக்கல்ல.’

அட்டையைத் திருப்பினேன்.
பாடியவர் உண்டு, ஆர்கன் உண்டு, தபலா உண்டு,
அச்சகத்தார் பெயர்கூட உண்டு.
கடைசியில் ‘குழுவினர்’.
‘அந்தக் குழுவினரு நாந்தான்.
நாலு பேரு. ஆளுக்கு நாப்பது ரூவா, ஒரு சாயா.’

சிரித்தபோது பார்த்தேன்:
முன்பற்களுக்கு நடுவே தீக்குச்சி போகும் சந்து.
‘ஸ்தோத்திரம்’ வரும் இடமெல்லாம்
அதன் வழியே ஒரு சீழ்க்கை.
கண்ணாடிக்குப் பின்னாலிருந்தவன் அன்றைக்கே கேட்டானாம்,
ஆரா அந்த ஸ்?
கொறச்சு பொறகோட்டு நில்லு.
இரண்டு அடி நகர்ந்தாள்.
முதுகில் சுவரின் சணல் துணி குத்தியது,
அதையும் சொன்னாள்.

பொத்தானை எடுத்துவிட்டேன்.
மீன் பொரியத் தொடங்கியது.
ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் ஹெட்டைத் துடைத்து
(தவிட்டு நிறத் தூள், யாருடைய பாட்டோ)
இடப்பக்கத் திருகை
ஒரு நெல்மணி அளவு திருப்பினேன்.
சத்தம் ஜன்னல் திறந்தாற்போல் வந்தது.

ஸ்.

கண்ணை மூடிக்கொண்டாள்.
‘கேக்கியளா? முழுக்க நாந்தான்.’
பாட்டு தொடங்குமுன் கேட்டதும்,
முடிந்த பிறகும் நிற்காததும்,
அடுத்த பாட்டு வரை நீண்டதும்
அவள்.

அங்கே நிறுத்தியிருக்கலாம்.
வியாபார புத்தி. கம்பெனி ஒரிஜினலை எடுத்தேன்,
குரோம் டேப், முப்பத்தைந்து ரூபாய்.
ஹெட்போனை அவள் ஈரத் தலைமேல் மாட்டி
பொத்தானை முறையாக அமுக்கினேன்.
பாட்டுக்கு முன்னால்
கழுவிவிட்ட தரைபோல ஒரு நிசப்தம்.
பிறகு ஆர்கன்,
அதன் பின்னால், வெகு பின்னால்,
நெத்திலி முள்ளளவு ஒரு ஸ்.
பிசிறில்லை. சந்தேகமில்லை. அவளுடையதேதான்.

ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தாள்.
‘இம்புட்டுதானா?’

பன்னிரண்டு ரூபாயையே பைக்குள் போட்டுக்கொண்டு
நாகர்கோவில் பஸ்ஸுக்குக் கை காட்டி ஓடினாள்.
டெக் சுற்றிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை பாறசாலையிலிருந்து ஒருவர்,
அதே நகல்.
‘ஒரே எரச்சலு ஓய்.’
விரல் பழக்கத்தில் பொத்தான்வரை போனது.
அது இரைச்சல் இல்லை என்று சொல்ல வாய் வந்தது.
வெளியே ரப்பர் ஷீட் லாரி கிளம்பிக்கொண்டிருந்தது,
சொல்லியிருந்தாலும் கேட்டிருக்காது.

பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.